இரவு ஷிப்டும் ஒற்றைத் தலைவலியும்

பெண்கள் இரவு 7 மணிக்கு மேலும் காலை 6 மணிக்கு முன்பும் ஆலையில் வேலை செய்யக் கூடாது என்றது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-ஆவது பிரிவு. ஐரோப்பிய நாடுகள் 1906-இல் பெர்ன் நகரில் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழியில் வந்த தடை அது. 2000 டிசம்பரில் வசந்தா என்பவர் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அதை நீக்கி, பாதுகாப்பு, போக்குவரத்து, ஓய்வு ஆகியவற்றுக்கு நிபந்தனைகள் விதித்தது. ஆறு ஆண்டுகளில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை திறந்தது. அதன் லைன்களில் நின்றவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். 2014-இல் அந்த ஆலை மூடப்பட்டாலும் வழக்கம் மாறவில்லை. 2024 ஆகஸ்டில் அதே வட்டாரத்தில் உள்ள வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்களுக்கான விடுதியே திறக்கப்பட்டது. இரவு வேலைக்கான உரிமை கிடைத்தது. அந்த இரவைத் திட்டமிடும்போது பெண்ணுடலின் மாதக் கணக்கையும் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம்.

ஒற்றைத் தலைவலி, பருவமடையும் வரை ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் வருகிறது. அதன் பிறகு பெண்களிடம் இரண்டு மூன்று மடங்காகிறது. மாதவிடாயை ஒட்டித் தலைவலி வரும் பெண்கள் சிலருக்கு, ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் பிரையன் சாமர்வில் முன்கூட்டியே ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டுப் பார்த்தார். மாதவிடாய் வழக்கமான நாளில் வந்தது, தலைவலி மட்டும் தள்ளிப்போனது. 1972-இல் வெளியான அந்த ஆய்விலிருந்து, ஈஸ்ட்ரோஜன் அளவு சட்டென இறங்குவது ஒரு தூண்டுகோல் என்பது புலனாயிற்று. தூக்கம் கெடுவதும் சாப்பாடு தள்ளிப்போவதும் கண் கூசும் வெளிச்சமும் வேறு தூண்டுகோல்கள். பகல் ஷிப்டிலிருந்து நைட் ஷிப்டுக்கு மாறும் வாரமும் அந்த இறக்கமும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும்? கம்பெனி பஸ்ஸில் திரையை இழுத்துவிட்டு, துப்பட்டாவால் கண்ணை மூடிக்கொண்டு, நெற்றிப்பொட்டில் தைலம் தேய்த்தபடி வரும் பெண்ணைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது.

பெண்கள் வலியை அதிகம் சொல்கிறார்கள், அவ்வளவுதான் என்பார்கள் சிலர். வெறும் சொல்லும் பழக்கம் என்றால், கர்ப்பத்தின் பிற்பகுதியில் பலருக்கு அது தணிவதும், மாதவிடாய் நின்ற பிறகு குறைவதும் ஏன்? இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: ஹார்மோன் என்று பேச ஆரம்பித்தால், 'பெண்ணுக்கு இரவு வேலை ஆகாது' என்ற பழைய தடை வேறு பெயரில் திரும்பி வந்துவிடும். இந்த அச்சம் நியாயமானது. ஆனால் பழைய சட்டம் எல்லாப் பெண்களையும் ஒரே தட்டில் வைத்தது. அறிவியல் சொல்வது வேறு: எல்லாப் பெண்களுக்கும் இந்த வலி வருவதில்லை, ஆண்களுக்கும் வருகிறது, மாதவிடாயோடு வருவதைப் பெரும்பாலும் முன்கூட்டியே கணிக்கலாம். கணிக்க முடிந்ததற்கு ஏற்பாடு செய்யலாம். அதற்காக யாரையும் வேலையை விட்டு விலக்க வேண்டியதில்லை.

500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் மருத்துவ அறை வேண்டும் என்றதும் அதே 1948 சட்டம்தான். அங்கே வலி மாத்திரை கொடுத்து லைனுக்குத் திருப்பி அனுப்புவது போதாது. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ அப்படி விழுங்கினால் மாத்திரையே தலைவலியை வளர்க்கும். தொழிலாளி விரும்பினால், வலி வந்த தேதி, ஷிப்ட், மாதவிடாய் நாள் மூன்றையும் ஒரே பதிவில் எழுதி, மேற்பார்வையாளர் கண்ணில் படாமல் மருத்துவரிடம் மட்டும் வைக்கலாம். அதைக் கொண்டு ஷிப்ட் மாறும் நாளைத் தள்ளிவைக்கலாம், நேரத்துக்குச் சாப்பாடு கொடுக்கலாம், இருட்டறையில் அரை மணி படுக்க விடலாம். 2000-இல் நீதிமன்றம் தொடங்கிய வேலையில் பாக்கி இருப்பது இதுதான்.