இரவில் எழுப்பும் இரண்டு

ஐம்பது வயதைக் கடந்த ஆண்களை நள்ளிரவில் எழுப்பும் தொல்லைகளில் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று சிறுநீர்த் தொல்லை. மற்றொன்று இடுப்பெலும்பு வலி. முன்னதை உடம்புச் சூடு என்று சொல்லி மோரும் இளநீரும் குடிக்கிறோம். பின்னதை வாயுப்பிடிப்பு என்று சொல்லித் தைலம் தேய்க்கிறோம். இரண்டுக்கும் பொருந்தும் மூன்றாவது விளக்கம், வயதாகிவிட்டது என்பது. முதலாவதைக் கேட்டதும் பலருக்குப் புரோஸ்டேட் சுரப்பி நினைவுக்கு வரும். இரண்டாவதைக் கேட்டால் அநேகமாக எவருக்கும் வராது.

சிறுநீர்த் தொல்லை உரக்கப் பேசும். தாரை மெலிகிறது, முக்க வேண்டியிருக்கிறது, முடித்த பிறகும் சொட்டுகிறது. ஏழு கேள்விகள் கேட்டு 35 மதிப்பெண்ணுக்குள் அதை அளக்கும் அட்டவணையே இருக்கிறது. ஆனால் அந்த மதிப்பெண்ணைக் கொண்டு புற்றுநோய் உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது. காரணம் சுரப்பியின் அமைப்பில் இருக்கிறது. அமெரிக்க நோயியலாளர் ஜான் மெக்நீல் சுரப்பியை மண்டலங்களாகப் பிரித்துக் காட்டினார். வயதோடு வரும் சாதாரண வீக்கம் சிறுநீர்க் குழாயை ஒட்டிய உட்பகுதியில் தோன்றிக் குழாயை நெருக்குகிறது. புற்றுநோயில் ஏறக்குறைய நூற்றுக்கு எழுபதோ, குழாயிலிருந்து விலகிய வெளிப்பகுதியில் தொடங்குகிறது. அங்கே அது நெடுநாள் எதையும் நெருக்காமல் வளரலாம். சத்தம் போடுவது பெரும்பாலும் தீங்கற்றது. தீங்கானது பெரும்பாலும் சத்தம் போடுவதில்லை.

இடுப்பு வலியின் கதை நேர்மாறானது. புற்றுநோய் சுரப்பியை விட்டு வெளியேறிய பிறகே இந்த வலியாகப் பேசுகிறது. 1940இல் ஆஸ்கர் பாட்சன் என்ற உடற்கூறியலாளர், இடுப்புக்குழியையும் முதுகெலும்பையும் இணைக்கும் வால்வற்ற சிரைப் பின்னலை விவரித்தார். இருமினாலும் முக்கினாலும் அங்கே ரத்தம் எதிர்த்திசையில் ஓடக்கூடும். புற்றுச் செல்கள் இடுப்பெலும்பையும் கீழ் முதுகையும் அடிக்கடி அடைவதற்கு இந்தக் குறுக்குவழி ஒரு விளக்கம். முழு விளக்கம் அல்ல. போய்ச் சேரும் எலும்பு மஜ்ஜையும் அவற்றை ஏற்க வேண்டும்.

நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: இடுப்பு வலியில் மிகப் பெரும்பகுதி மூட்டுத் தேய்மானமோ தசைப்பிடிப்போதான். நடந்தால் கூடி, உட்கார்ந்தால் தணிவது பெரும்பாலும் தேய்மானத்தின் போக்கு. ஓய்விலும் தணியாமல், இரவில் கூடி, வாரக்கணக்கில் ஏறிக்கொண்டே போவதுதான் சந்தேகத்துக்குரியது. சிறுநீர்த் தொல்லைக்கும் இதே நியாயம் பொருந்தும். இரவில் பலமுறை எழுபவருக்குக் காரணம் சர்க்கரை நோயாகவோ, மாலையில் விழுங்கும் நீர் பிரிக்கும் மாத்திரையாகவோ இருக்கலாம்.

இரண்டையும் நெருங்கிப் பார்த்தால் எதிர்பாராத ஒற்றுமைகள் தெரிகின்றன. சுரப்பியின் பருமனும் தொல்லையின் அளவும் ஒத்துப்போவதில்லை. எலும்பில் படிந்த நோயின் பரப்பும் வலியின் அளவும் அப்படியே. இன்னொன்று, இரண்டுமே கூடுதல் வளர்ச்சியின் விளைவுகள். பல புற்றுநோய்கள் எலும்பை அரித்துத் தின்னும். புரோஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் புது எலும்பைக் கட்டச் செய்கிறது. எக்ஸ்ரேயில் அந்த இடம் அடர்ந்த வெண்மையாகத் தெரியும். ஆனால் அந்த எலும்பு ஒழுங்கில்லாமல் அடுக்கப்பட்டது, உறுதி குறைந்தது.

ஒற்றுமைகளில் என்னை மிகவும் வியக்கவைப்பது சிகிச்சை வரலாறு. 1895இல் பிலடெல்பியாவின் வில்லியம் ஒயிட், வீங்கிய புரோஸ்டேட்டால் சிறுநீர் அடைபட்டவர்களுக்கு விரைகளை அகற்றிய பலன்களைக் கட்டுரையாக வெளியிட்டார். 1941இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் அதே அறுவையை எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்குச் செய்தார்கள். நோயாளிகள் பலரின் எலும்பு வலி தணிந்தது. ஹக்கின்ஸ் 1966இல் நோபல் பரிசு பெற்றார். இரு தொல்லைகளுக்கும் ஆண் ஹார்மோனே எரிபொருள் என்பதால்தான் ஒரே கத்தி இரண்டுக்கும் பயன்பட்டது. முன்னதற்கு அந்த அறுவை வழக்கொழிந்து, ஹார்மோனின் வீரிய வடிவத்தைத் தடுக்கும் ஃபினாஸ்டரைடு போன்ற மாத்திரைகள் வந்துவிட்டன. பின்னதற்கு ஊசிகள் வந்தும், செலவு குறைவு என்பதால் நம் நாட்டில் அறுவையும் தொடர்கிறது.

தனித்தனியாக வந்தால் இவ்விரண்டும் பரிசோதனைக்குக் காத்திருக்கலாம். பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை, மருத்துவரின் விரல் பரிசோதனை, எலும்புக்கு ஸ்கேன் என்று நிதானமாகப் போகலாம். திடீரென்று சேர்ந்து வந்தால் கணக்கே வேறு. முதுகிலும் இடுப்பிலும் வலி இருந்தவருக்குக் கால்கள் தளர்ந்து, உட்காரும் இடம் மரத்து, சிறுநீரும் நின்றுபோனால், அந்த அடைப்புக்குச் சுரப்பி காரணமாக இல்லாமல் இருக்கலாம். முதுகெலும்பில் வளர்ந்த கட்டி தண்டுவடத்தையோ அதன் அடியிலுள்ள நரம்புக் கற்றையையோ நசுக்குவதால், சிறுநீர்ப்பைக்கு வரும் கட்டளை அறுந்திருக்கக்கூடும். அப்போது செல்ல வேண்டிய இடம் அவசர சிகிச்சைப் பிரிவு; சிகிச்சை தொடங்கும்போது நடக்க முடிந்தவரே பிறகும் நடப்பதற்கு வாய்ப்பு அதிகம்.