கம்ப்யூட்டரில் சோஷியல் மீடியா பார்க்க எந்த ஆப் நல்லது? டவுன்லோடு செய்யும் முன் இதை கவனிங்க!

எக்ஸ் ஒரு டேப், மாஸ்டடான் ஒரு டேப், ப்ளூஸ்கை, யூடியூப் தனித்தனி டேப்... எல்லாத்தையும் ஒரே இடத்தில் பார்க்க ஒரு ஆப் இருந்தா நல்லா இருக்குமே என்று தேடுபவர்கள் பலர். ஆனால் டிசைனை மட்டும் பார்த்து ஆப்பை தேர்ந்தெடுத்தால் பிறகு ஏமாற்றம்தான். ஏன்?

ட்வீட்டெக்குக்கு என்ன ஆச்சு?

2008ல் இயன் டாட்ஸ்வொர்த் உருவாக்கிய ட்வீட்டெக், டைம்லைன், மென்ஷன், ஹேஷ்டேக் என எல்லாவற்றையும் பக்கத்து பக்கத்து வரிசையாக ஒரே திரையில் காட்டியது. செய்தியாளர்கள் பலர் இதை நம்பியே வேலை பார்த்தனர். 2011ல் ட்விட்டர் நிறுவனமே இதை வாங்கியது. 2016ல் விண்டோஸ் ஆப், 2022ல் மேக் ஆப் நிறுத்தப்பட்டன. பிரவுசரில் மட்டும் இலவசமாக கிடைத்து வந்த ட்வீட்டெக், 2023 ஆகஸ்டில் கட்டண சேவையானது. இப்போது அதன் பெயர் எக்ஸ் ப்ரோ.

அதே ஆண்டு ஜனவரியில் ட்வீட்பாட், ட்விட்டரிஃபிக் போன்ற வெளியார் ஆப்கள் முன்னறிவிப்பே இல்லாமல் முடக்கப்பட்டன.

காரணம் என்ன?

வெளியார் ஆப்கள் 'ஏபிஐ' என்ற வழியாகத்தான் பதிவுகளை எடுக்கின்றன. அந்த வழியை திறப்பதும் மூடுவதும் சமூக வலைதள நிறுவனத்தின் கையில். அது மூடினால் எவ்வளவு நல்ல ஆப்பும் வேலை செய்யாது.

இப்போது என்ன செய்யலாம்?

* மாஸ்டடான்: செட்டிங்ஸில் 'அட்வான்ஸ்டு வெப் இன்டர்ஃபேஸ்' ஆன் செய்தால், ட்வீட்டெக் போலவே பல வரிசைகள் வரும். இலவசம்.

* ப்ளூஸ்கை: 'டெக் டாட் ப்ளூ' தளம் இதே வசதியை தருகிறது.

* படிக்க மட்டும் போதுமா? தண்டர்பேர்ட் போன்ற இலவச ஆர்எஸ்எஸ் ரீடரில் மாஸ்டடான், ப்ளூஸ்கை பக்கங்களையும் யூடியூப் சேனல்களையும் சேர்க்கலாம். லாகினே வேண்டாம். ஆனால் பொதுப் பதிவுகள் மட்டுமே வரும், பதில் போட முடியாது.

* எக்ஸ், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக்: இவை ஆர்எஸ்எஸ் தருவதில்லை. குரோம் அல்லது எட்ஜில் தளத்தைத் திறந்து, மெனுவில் ஆப்பாக இன்ஸ்டால் செய்தால் தனி விண்டோவில் திறக்கும்.

பாஸ்வேர்டு உஷார்!

நல்ல ஆப், லாகின் செய்ய அந்த சமூக வலைதளத்தின் சொந்த பக்கத்துக்கே உங்களை அனுப்பும். தன் பக்கத்திலேயே பாஸ்வேர்டை டைப் செய்யச் சொன்னால் உஷாராகிடுங்க. ப்ளூஸ்கையில் இதற்கென்றே தனி 'ஆப் பாஸ்வேர்டு' உருவாக்கும் வசதி இருக்கு. மெயின் பாஸ்வேர்டை கொடுக்கவே வேண்டாம். பயன்படுத்தாத ஆப்களின் அனுமதியை செட்டிங்ஸில் போய் நீக்கிடுங்க.

காசு கட்டும் முன்...

அந்த வலைதளம் வெளியார் ஆப்களை இப்போது அனுமதிக்கிறதா, ஆப் கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்று பாருங்க. முதலில் ஒரு மாத சந்தா எடுத்து பயன்படுத்திப் பார்ப்பது நல்லது. வழி அடைபட்டால் ஒரு மாத காசோடு போகும். ஒரு வருட பணம் தப்பிக்கும்.