வான்கோவின் மஞ்சள் மலர்கள்

வயிற்றுக்கில்லாதவனுக்கு அழகு எதற்கு என்று கேட்போர் நம்மிடையே பலர். அவர்க்கு விடையாக ஒரு சித்திரக்காரரின் வரலாற்றைக் கூறுவோம்.

வின்சென்ட் வான்கோ தம் தம்பி அனுப்பிய பணத்தைக் கொண்டே வாழ்ந்தவர். 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பிரான்சு தேசத்து ஆர்ல் நகரில், தம்முடன் தங்க வரவிருந்த கோகேன் என்னும் சித்திரக்காரரின் அறையை அலங்கரிக்கக் கருதிச் சூரியகாந்திப் பூக்களை எழுதினார். மலர் விரைவில் வாடுமாதலின் விடியற்காலையிலேயே தூரிகை எடுத்தார். லண்டன் நேஷனல் காலரியிலுள்ள படத்தில் பூவும் மஞ்சள், சாடியும் மஞ்சள், பின்புறமும் மஞ்சள். கண்ட நிறமன்று அது. நண்பரை எதிர்நோக்கிய உள்ளத்தின் மகிழ்ச்சியே நிறமாயிற்று. எனினும், இதழ் உதிர்ந்து தலைசாய்ந்த பூக்களை அவர் மறைத்தாரில்லை.

அக்டோபரில் வந்த நண்பர் டிசம்பரில் பிரிந்தார். 1890-இல் வான்கோ மாண்டார். அவர் கையாண்ட குரோம் மஞ்சளோ ஒளிபட்டுப் பழுப்பேறும் இயல்பினது. அச்சித்திரங்களுள் ஒன்று 1945-இல் ஜப்பானின் அஷியா நகரில் விமானத் தாக்குதலில் எரிந்தொழிந்தது.

வண்ணம் மங்கலாம், படம் எரியலாம். ஆயினும் வறியவர் ஒருவர் தம் நண்பருக்காக வெறுஞ்சுவரை ஒளிபெறச் செய்தார் என்பதை நாம் மறத்தலாகாது.