கொள்கலன் வரலாற்றில் பெங்களூரு

வலைச்செயலி உருவாக்குவோர் இன்று தரவுத்தளம், வழங்கி ஆகியவற்றைத் தம் மடிக்கணினியிலேயே தனித்தனிக் கொள்கலன்களில் இயக்குகின்றனர். ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு நினைவகம் என அமைப்புக் கோப்பில் ஒரு வரியில் வரம்பிடலாம். இவ்வசதி 2013இல் வெளிவந்த டாக்கரின் கொடை எனப் பலரும் கருதுகின்றனர். டாக்கரோ அவ்வரியை லினக்ஸ் கெர்னலிடம் ஒப்படைக்கிறது. வரம்பைக் காப்பது கெர்னலே.

இயங்கும் நிரல்களைக் குழுக்களாக்கி வளங்களைப் பங்கிடும் முயற்சியைக் கூகுள் பொறியாளர்கள் 2006இல் தொடங்கினர். அச்சட்டகம் 2008 ஜனவரியில், 2.6.24 பதிப்பில் இடம்பெற்றது. நினைவகக் கட்டுப்பாடு அதில் இல்லை. ஒரே நினைவகப் பக்கத்தைப் பல குழுக்கள் பகிர்ந்தால் யார் கணக்கில் எழுதுவது என்பது அதன் சிக்கல்களுள் ஒன்று. முதலில் தொட்ட குழுவின் கணக்கில் எழுதுவதென முடிவாயிற்று. ஐபிஎம்மின் பெங்களூரு ஆய்வகத்தில் பணியாற்றிய பல்பீர் சிங்கும் ஓப்பன்விஇசட் திட்டத்தின் பாவெல் எமெலியானோவும் எழுதிய அப்பகுதி, அதே ஆண்டு ஏப்ரலில் 2.6.25 பதிப்பில் சேர்ந்தது.

பெங்களூரின் மென்பொருள் வரலாறு பெரும்பாலும் அயல்நாட்டு ஒப்பந்தப் பணிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. கெர்னல் மூலநிரலில், நினைவகக் கட்டுப்பாட்டுக் கோப்பின் தொடக்கத்தில் இன்றும் நிற்கும் 2007ஆம் ஆண்டின் பதிப்புரிமைக் குறிப்பு அவ்வரலாற்றைத் திருத்தும் ஆவணம். மூலநிரலும் ஓர் ஆவணக் காப்பகமே என்பதை வரலாற்றாய்வு ஏற்க வேண்டியுள்ளது.