@: நிறையா, இடமா, விளியா?

சமூக வலைத்தளங்களில் ஒருவர் பெயருக்கு முன் இடும் @ குறி ஆங்கில ‘அட்’டின் சுருக்கம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். இன்னும் சிலர், இடைக்காலத் துறவிகள் இலத்தீன் ‘அட்’ என்ற சொல்லை ஒரே இழுப்பில் எழுதியதால் பிறந்தது என்பர். தொல்லெழுத்து அறிஞர் உல்மன் எழுதியது இது. ஓசை ஒத்துவிட்டால் மூலம் கிடைத்துவிட்டது என்பது சொல்லாராய்ச்சி ஆகாது. குறி எங்கே புழங்கியது என்று ஏட்டைப் பார்க்க வேண்டும்.

ஏடு காட்டுவது மடத்தை அன்று, சந்தையை. 1448-இல் காஸ்டிலிலிருந்து அரகோனுக்கு வந்த கோதுமையைப் பதிந்த ஏட்டில் இக்குறி உண்டு. 1536 மே 4 அன்று பிளாரன்ஸ் வணிகர் பிரான்செஸ்கோ லாப்பி செவில்லே நகரிலிருந்து உரோமுக்கு எழுதிய கடிதத்தில் மதுவின் அளவையாக வருகிறது. கடிதத்தை வெளிக்கொணர்ந்த ஜோர்ஜோ ஸ்தாபிலே, குறியை ‘ஆம்ஃபொரா’ என்ற சாடியளவாகப் படித்தார். கடிதம் எழுந்த ஊர் ஸ்பெயினின் செவில்லே. அவ்வூரில் மதுவை அளந்தது ‘அர்ரோபா’. எழுதியவர் இத்தாலியர் என்பதற்காக அளவையும் இத்தாலியம் ஆகிவிடாது. 1345-ஆம் ஆண்டுப் பல்கேரியச் சுவடியில் ‘ஆமென்’ என்பதன் முதலெழுத்து இவ்வடிவில் இருப்பதைச் சிலர் காட்டுவர். அது வடிவ ஒற்றுமை, பயன் வேறு.

அர்ரோபா என்பது அரபு ‘அர்-ருப்உ’, அதாவது காற்பங்கு. எதில் கால்? கிந்தார் என்ற நிறையில். இலத்தீனின் நூறு கிரேக்கம் வழியாக அரபில் புகுந்து கிந்தார் ஆனது. அதுவே ஐரோப்பாவுக்குத் திரும்பிப் பின்னர் நம் நெல் கொள்முதல் நிலையத்தில் குவிண்டாலாக ஒலிக்கிறது. நம் பாட்டிமார் வாயில் வழங்கிய ராத்தலும் இக்குடும்பமே: அரபு ‘ரத்ல்’, போர்ச்சுகீசியத்தில் ‘அர்ராதெல்’. 32 அர்ராதெல் ஓர் அர்ரோபா. 4 அர்ரோபா ஒரு குவிண்டால். ராத்தலும் குவிண்டாலும் தமிழுக்கு வந்தன. நடுவில் நின்ற அர்ரோபா மட்டும் சொல்லாக வராமல் குறியாக வந்திருக்கிறது.

ஸ்பானியரும் போர்ச்சுகீசியரும் இன்றும் இக்குறியை அர்ரோபா என்றே படிக்கின்றனர். பிரேசிலில் இறைச்சி மாட்டின் விலை பேசுவதும் 15 கிலோ கொண்ட அர்ரோபாவில்தான். இத்தாலியர் இதை நத்தை என்கிறார்கள், டச்சுக்காரர் குரங்குவால் என்கிறார்கள், உருசியர் நாய் என்கிறார்கள். சரக்கோடு குறியைப் பெற்றவர்களிடம் நிறைப்பெயர் நின்றது. குறியை மட்டும் பெற்றவர்கள் உருவத்தைப் பார்த்துப் பெயரிட்டார்கள். எனக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. வணிகர் கை சுருக்கித்தான் எழுதும். நம் கணக்கப்பிள்ளைகள் ‘மேற்படி’யை ௸ என்று சுழித்ததும் அப்படித்தான்.

ஆங்கிலக் கடைக்கணக்கில் இது ‘வீதம்’ என்ற பொருளில் நின்றது. 1971-இல் கணினிப் பொறியாளர் ரே டாம்லின்சன், ஆள்பெயரில் வராத குறி என்பதால் இதை எடுத்து, மின்னஞ்சல் முகவரியில் பயனர் பெயருக்கும் கணினியின் பெயருக்கும் நடுவில் வைத்தார். அங்கே பொருள் இடம்: இன்னார், இன்ன கணினியின்கண். தெளிவான ஏழாம் வேற்றுமை.

ட்விட்டரில் 2006-இன் இறுதியில் பயனர்கள் ஒருவருக்கொருவர் மறுமொழி சொல்ல இதைப் பெயரின் முன்னே இடத் தொடங்கினர்; மறு ஆண்டு அந்நிறுவனமும் ஏற்றுக்கொண்டது. இப்போது குறிக்குப் பின்னால் இருப்பது இடமன்று, ஆள். பெயரோடு குறியை இட்டதும் அவருக்கு அறிவிப்பு போகிறது. அவர் திரும்பிப் பார்க்கிறார்; இது விளி. இதை இன்னும் ‘அட்’ என்று விளக்குவோர் ஏழாம் வேற்றுமையிலேயே நின்றுவிட்டவர்கள். விளிக்கென்றே விளிமரபு என ஓர் இயல் வகுத்த தொல்காப்பியர், ‘அம்ம’ என்ற அசைச்சொல்லின் நீட்டத்தையும் அங்கே விளியோடு சேர்க்கிறார். அசைக்குத் தனிப்பொருள் இல்லை. ஆயினும் அது அழைக்கிறது. பெயர்முன் நிற்கும் இக்குறியின் தொழிலும் அதுவே.

பிறப்பால் இது நிறைக்குறி, வளர்ப்பால் இடக்குறி. இன்றைய வழக்கில் எட்டாம் வேற்றுமைக்கு உரியது. துறவிகளின் ‘அட்’டுக்கு இந்த வரலாற்றில் எங்கும் இடமில்லை என்பதே என் துணிபு.