சிற்றாறு போகும் வழி

பெயரிலேயே சிறுமையை ஏற்றுக்கொண்ட ஆறு அது. குற்றால மலையில் தோன்றி, செண்பகாதேவி அருவியாய் இறங்கி, பேரருவியாய் விழுந்து, பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் கோயில் எழுப்பிய தென்காசியைக் கடந்து, சுமார் 80 கிலோமீட்டர் ஓடிச் சீவலப்பேரியருகே தாமிரபரணியில் கலக்கிறது. சிரியப் படைத்தலைவன் நாமான், யோர்தானை இகழ்ந்து தமஸ்கு நகரத்து ஆறுகளே மேல் என்றானென விவிலியம் கூறும். நம்மில் பலரும் அருவியைப் போற்றுகிறோம். ஆற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலையிலேயே கொட்டிவிடுகிறது. கிழக்கே சமவெளிக்கு மிஞ்சுவது காற்றும் சிறு சாரலுமே. அங்குப் பெருமழை அக்டோபருக்குப் பின்னர்தான். ஆயினும் ஜூனிலேயே கார் நெல் நடவாகிறது. தன் வயலில் பெய்யாத மழையால் விளையும் நெல் அது! தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையடியிலும் இதே நிலைதான். மழையே அரிதான பெரு நாட்டுக் கடற்கரையில் லீமா நகரை வாழவைப்பது ரீமாக் என்னும் மலையாறு. புனித ரோஸ் அம்மாள் பிறந்த அந்நகரின் பெயரும் அவ்வாற்றிலிருந்து வந்ததே.

சிற்றாற்றின் குறுக்கே வரிசையாக அணைக்கட்டுகள் உண்டு. இவற்றின் வேலை நீரைத் தேக்கிவைப்பதன்று. நீர்மட்டத்தைச் சற்றே உயர்த்திக் காலில் திருப்பிவிட்டு, மிஞ்சியதைத் தன்மேல் வழியவிடுவது. கால் குளத்தை நிரப்பும். குளம் பெருகினால் மறுகால் பாயும். மேலணை ஒரு முழம் உயர்ந்தால் போதும், கீழூரில் நடவு நின்றுவிடும். கல்லும் காரையும் மட்டும் இந்த ஏற்பாட்டைக் காத்திருக்க முடியாது. ஊர்கள் ஒன்றோடொன்று பேசியாக வேண்டும்.

சிற்றாற்று நீரை எதிர்பார்த்திருக்கும் மானூரில், கி.பி. 800ஐ ஒட்டிய காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தது. மகாசபையில் பங்குகொள்ளும் தகுதியை வகுப்பதோடு, எடுத்த காரியத்திற்கெல்லாம் மறுப்புச் சொல்லி முட்டுக்கட்டையிடுவோர்க்கு ஐந்து காசு தண்டமும் விதிக்கிறது. நீரைப்பற்றிய கல்வெட்டன்று அது. எனினும் குளத்தை நம்பிய ஊரொன்று, கூடிப் பேசும் முறையை அத்துணைக் கண்டிப்பாக எழுதிவைத்ததில் எனக்கு வியப்பில்லை. (இன்றைய நம் பங்குப் பேரவைகளிலும் அத்தண்டம் இருந்தால் எவ்வளவு காசு சேருமோ!)

சீவலப்பேரிக்கு முக்கூடல் என்றும் பெயர். முக்கூடற்பள்ளு பாடுவது அவ்வூரைத்தான். அங்கே தாமிரபரணியில் சேர்வது, மேலூர்கள் எடுத்ததுபோக விட்டுவைத்த நீர்.