ஏணியின் எந்தப் படியில் நிற்கிறோம்?

"வேலைக்கு வரும்போதே இடஒதுக்கீடு வாங்கிட்டீங்க. அப்புறம் பதவி உயர்விலும் எதுக்கு?" அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் நம் தோழர்கள் ஒருமுறையாவது கேட்டிருக்கும் கேள்வி இது. தேநீர் இடைவேளையில் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். பதில் சொல்லப்போனால், "எல்லாவற்றிலும் சாதியைப் பார்க்கிறீர்கள்" என்பார்கள். பதில் வரலாற்றில் இருக்கிறது.

1917இல் அண்ணல் அம்பேத்கர் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்தவர். அரசாங்கத்தின் ஏணியில் அவர் அதிகாரி, அங்கிருந்த பியூன்கள் கடைநிலை ஊழியர்கள். ஆனால் அந்தப் பியூன்கள் கோப்புகளை அவர் கையில் கொடுக்காமல் மேசைமேல் தூக்கிப் போட்டார்கள். அலுவலகத்தில் குடிக்கத் தண்ணீர் இல்லை, ஊரில் தங்க இடம் இல்லை. இந்தியாவில் ஒவ்வோர் அலுவலகத்திலும் இரண்டு ஏணிகள் இருக்கின்றன. ஒன்று சம்பளப் பட்டியலில் இருப்பது, மற்றொன்று பிறப்பில் இருப்பது. இரண்டும் மோதும்போது எந்த ஏணி ஜெயிக்கிறது என்பதுதான் நம் கேள்வி.

அரசுப் பணியைத் தட்டுத் தட்டாகப் பிரித்ததை முறைப்படுத்தியவர்கள் வெள்ளையர்கள். 1886இல் அமைக்கப்பட்ட ஐட்சிசன் குழு இம்பீரியல், மாகாணம், சார்நிலை என்று பணிகளைப் பிரிக்கச் சொன்னது. உச்சியில் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். அடுத்த தட்டுகளில் ஆங்கிலம் படித்த ஆதிக்கச் சாதியினர். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தவர்களின் பணிக்கு அரசாங்கம் வைத்த பெயரே 'கீழானது' என்ற பொருள் தரும் 'இன்ஃபீரியர் சர்வீஸ்'. 1947இல் அறிக்கை தந்த வரதாச்சாரியார் தலைமையிலான முதல் ஊதியக்குழுதான் அந்தப் பெயரை எடுத்துவிட்டு நான்கு வகுப்புகளாக எண் போடச் சொன்னது. 1970களில் எண் போய் ஏ, பி, சி, டி என்று எழுத்து வந்தது. பெயர் மாறியது. அந்தத் தட்டில் நின்றவர்கள் மாறினார்களா?

1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார் அண்ணல். அந்த அக்டோபரிலேயே பட்டியல் சாதியினரின் குறைகளை விரிவான மனுவாக எழுதிக் கொடுத்தார். 1943 ஆகஸ்டில் மத்திய அரசுப் பணிகளில் 8.33 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. 1946இல் அது 12.5 ஆனது. 1970இல் பட்டியல் சாதிக்கு 15, பழங்குடிக்கு 7.5 என்று உயர்ந்தது.

ஆனால் ஒதுக்கீடு நுழைவாயிலில் மட்டும் நின்றால் என்ன நடக்கும்? 1965 ஜனவரியில் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினரின் பங்கைப் பாருங்கள். நான்காம் வகுப்பில் 17.75 விழுக்காடு. மூன்றாம் வகுப்பில் 8.88. இரண்டாம் வகுப்பில் 2.82. முதல் வகுப்பில் 1.64. இது வேலைத் தரப் பட்டியலா, சாதிப் படிநிலையின் படமா? பெருக்கவும் கோப்பு தூக்கவும் நாம் மக்கள்தொகைக்கு மேல் இருந்தோம். கையெழுத்துப் போடும் இடத்தில் இல்லை.

அதனால்தான் பதவி உயர்விலும் ஒதுக்கீடு தேவைப்பட்டது. அதற்கான முதல் பெரிய வழக்கு நம் சென்னையில் இருந்தே போனது. தெற்கு ரயில்வேயில் தேர்வுப் பதவிகளுக்கு ஒதுக்கீடு தந்த ஆணையை மதராஸ் உயர் நீதிமன்றம் தடுத்தது. 1961இல் ரங்காச்சாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்த ஆணையைக் காப்பாற்றியது. ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும்.

1992இல் மண்டல் வழக்கின் தீர்ப்பு இந்தக் கதவைச் சாத்தியது. நியமனத்துக்கு மட்டுமே ஒதுக்கீடு, பதவி உயர்வுக்கு இல்லை, இருப்பது ஐந்தாண்டு தொடரலாம் என்றது. 1995இல் நாடாளுமன்றம் 77ஆவது திருத்தத்தால் கதவைத் திறந்தது. அதே ஆண்டு வீர்பால் சிங் வழக்கில் இன்னொரு பூட்டு வந்தது. ஒதுக்கீட்டில் முன்னால் உயர்ந்தவர் மேல் பதவியில் பல ஆண்டுகள் வேலை பார்த்திருப்பார். பிறகு கீழிருந்து பொதுப் பிரிவின் பழைய சீனியர் வந்து சேர்வார். வந்த அன்றே அவர் சீனியர், இவர் மறுபடி ஜூனியர். அடுத்த படிக்கு யார் போவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. இதை நீக்க 2001இல் 85ஆவது திருத்தம் வேண்டியிருந்தது.

2006இல் நாகராஜ் தீர்ப்பு, பின்தங்கிய நிலைக்குப் புள்ளிவிவரம் கொடு, போதிய பிரதிநிதித்துவம் இல்லை என்று நிரூபி, நிர்வாகத் திறன் குறையாது என்று காட்டு என்றது. தீண்டாமையை அனுபவித்தவர்கள் பின்தங்கியவர்கள் என்பதற்குச் சான்று கேட்டார்கள்! 2018இல் ஜர்னைல் சிங் தீர்ப்பு அந்த நிபந்தனையை மட்டும் நீக்கியது. கூடவே, பொருளாதாரத்தில் உயர்ந்தவர்களை விலக்கும் கிரீமி லேயர் அளவுகோல் நமக்கும் பொருந்தும் என்றது. இதைச் சரிசெய்ய வந்த திருத்த மசோதா 2012 டிசம்பரில் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் நிறைவேறாமலே காலாவதியானது. இன்றும் மத்திய அரசில் பதவி உயர்வு ஒதுக்கீடு குரூப் ஏ-வின் கடைசிப் படியோடு நின்றுவிடுகிறது.

சட்டத்துக்கு வெளியே, அலுவலகத்துக்குள்ளும் பூட்டுகள் உண்டு. ஒன்று, ரோஸ்டர். மத்திய அரசின் 200 புள்ளி ரோஸ்டரில் பட்டியல் சாதிக்கு முதல் இடம் ஏழாவது புள்ளி. மேலே போகப் போகப் பணியிடங்களின் எண்ணிக்கை சுருங்கும். நான்கே இடங்கள் உள்ள பிரிவில் ஏழாவது புள்ளி சுழற்சியில் வந்து சேர எத்தனை ஆண்டு ஆகும்? ஒற்றைப் பதவியாக இருந்தால் ஒதுக்கீடே கிடையாது என்று 1998இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இன்னொன்று, ரகசிய அறிக்கை. மேலதிகாரி 'நன்று' என்று எழுதினால் பாராட்டு போலத் தெரியும். ஆனால் பதவி உயர்வுக்கு 'மிக நன்று' வேண்டும் என்றால் அந்த ஒரு சொல் போதும், ஆளை அதே படியில் உட்கார வைக்க. 2008இல் தேவ் தத் வழக்கில்தான் எல்லாக் குறிப்புகளையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 'திறமை' என்று இவர்கள் சொல்வதை அளக்கும் கோல் யார் கையில் இருந்தது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

இனி அடித்தட்டுக்கு வருவோம். 2008இல் ஆறாவது ஊதியக்குழுவுக்குப் பிறகு குரூப் டி என்பதே இல்லை. இருந்தவர்களைக் குரூப் சி ஆக்கினார்கள். நல்லதுதானே? ஆனால் குப்பையும் கழிவறையும் ஒழிந்துவிடவில்லை. அந்த வேலை ஒப்பந்தக்காரர்களிடம் போகிறது. செய்பவர்கள் பெரும்பாலும் நம் மக்களேதான். ஆனால் அவர்களுக்குத் தரமும் இல்லை, பதவி உயர்வும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் இரவு பகலாக உட்கார்ந்தார்களே, அவர்கள் மேல் படியைக் கேட்கவில்லை. ஏணியில் ஓர் இடம் கேட்டார்கள். நள்ளிரவில் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள்.

ஆகவே தோழர்களே, தேநீர் இடைவேளையில் அந்தக் கேள்வி வந்தால் கோபப்பட வேண்டாம். திருப்பிக் கேளுங்கள்: "நம்ம ஆபீஸில் துடைப்பம் பிடிப்பவர் யார், கையெழுத்துப் போடுபவர் யார்?" அப்படியே உங்கள் அலுவலக ரோஸ்டர் பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். எந்தப் புள்ளி நிரம்பவில்லை, எத்தனை ஆண்டாக நிரம்பவில்லை என்று குறித்து வையுங்கள். நீதிமன்றம் நம்மிடம் புள்ளிவிவரம் கேட்கிறது. அது அவர்கள் அலமாரியில் இருக்கிறது. எடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.

ஜெய் பீம்!